பெருந்தொற்றுக்கு நடுவே பிள்ளைகளின் விளையாட்டைத் திரும்பத் தொடங்குவது எப்படி?

ஊர் கிரவுண்டில் காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு ஃபுட்பால், கபடி, வாலிபால், கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் சின்னச் சின்ன கிளப்புகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர்கள், பி.டி. சார்கள், வேலை முடிந்து வந்து விசிலைக் கையில் எடுக்கும் அண்ணன்கள், அக்காக்கள். சம்பளம் இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். கொரோனா காலத்தில் வந்த வழிமுறைகள் பெரும்பாலும் பெரிய ஸ்டேடியங்களையும் தேசிய வீரர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. குடிக்கத் தண்ணீர் பானையும் ஒரே ஒரு டம்ளரும் இருக்கும் கிரவுண்டுக்கு அவை பாதிகூடப் பொருந்தவில்லை.

அப்படி ஒரு கிளப்பின் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னொரு தொற்று வந்து, எல்லாம் மூடி, பிறகு திறக்கலாம் என்று அறிவிப்பு வரும் நாளில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்று 2020 முதல் 2022 வரை நடந்தவற்றை வைத்துச் சொல்கிறேன்.

மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்துகொள்ளும் பிள்ளைக்கு உங்கள் கிளப்பில் எந்த நட்டமும் வரக்கூடாது. டீமில் இடம் போகக்கூடாது, கட்டிய ஃபீஸ் வீணாகக்கூடாது, கோச்சின் முகம் கோணக்கூடாது. இந்த நம்பிக்கை இல்லாத கிளப்பில் பிள்ளைகள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள். பெற்றோரும் ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு வாசலில் நீங்கள் எந்தக் கருவியை நீட்டினாலும் பயனில்லை.

படி 1: அனுமதியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்

2020 மே மாதம் 18-ம் தேதி முதல் விளையாட்டு வளாகங்களையும் ஸ்டேடியங்களையும் பார்வையாளர் இல்லாமல் திறக்கலாம் என்று மத்திய உள்துறை சொன்னது. "கிரவுண்டு திறந்தாச்சு" என்று அன்றே பலர் கிளம்பினார்கள். ஆனால் அதே காலத்து உத்தரவுகளில் 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற அறிவுரையும் இருந்தது. நீச்சல் குளங்களில் வீரர்களின் பயிற்சிக்கு அந்த வருடம் அக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாநில அரசின் உத்தரவுகள் தனியாக வந்துகொண்டிருந்தன.

ஆகவே மத்திய உத்தரவு, மாநில உத்தரவு, மாவட்ட ஆட்சியரின் உத்தரவு மூன்றையும் பாருங்கள். பயிற்சி, போட்டி, பார்வையாளர், வயது, உள்ளரங்கம் ஆகிய ஐந்து சொற்களுக்கும் அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு அனுமதி வந்தால் மற்றதற்கும் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் கிரவுண்டுக்குச் சொந்தக்காரர் யாரோ, தலைமை ஆசிரியரோ பஞ்சாயத்தோ மாநகராட்சியோ, அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாயால் சொன்னது பிரச்சினை வரும் நாளில் நிற்காது.

படி 2: கிரவுண்டைச் சுற்றி நடந்து பாருங்கள்

பொதுமுடக்கக் காலத்தில் பல ஊர்களில் மைதானங்கள் காய்கறிச் சந்தையாக மாறின. திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது நினைவிருக்கலாம். லாரி ஏறிய தரையில் பள்ளம் விழுந்திருக்கும். ஆணி, கண்ணாடித் துண்டு, கட்டுக்கம்பி கிடக்கும். யாருமே வராமல் கிடந்த கிரவுண்டு என்றால் முள் முளைத்திருக்கும், கோல் போஸ்ட் துருப்பிடித்திருக்கும், கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்திருக்கும். கொரோனாவுக்குப் பயந்து திறந்து டெங்குவை வாங்கிக்கொள்ள வேண்டாம். பெரியவர்கள் நாலைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தம் செய்தால் போதும். சோப்பும் குழாயில் தண்ணீரும் இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

படி 3: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன்

வாட்ஸ்அப் குழுவில் "திங்கள் முதல் பிராக்டிஸ்" என்று ஒரு வரி போடுவது எளிது. அதை மட்டும் செய்தால் பாதிப் பிள்ளைகளை இழந்துவிடுவீர்கள், யார் வரவில்லை என்பதே பல வாரம் கழித்துத்தான் தெரியும். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பேசுங்கள்.

என்ன கேட்க வேண்டும்? வீட்டில் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கேன்சர் சிகிச்சையில் இருப்பவர்கள் உண்டா? பிள்ளைகள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், கிரவுண்டிலிருந்து அவர்கள் கொண்டுபோவது பாட்டியைத்தான் படுக்க வைக்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே செய்ய ஒரு பயிற்சித் திட்டம் கொடுங்கள். அவன் இடம் அவனுக்குத்தான் என்பதைப் பெற்றோரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உண்டா, ஏற்கெனவே தொற்று வந்துபோனதா, எதில் ஏறி வருகிறான், அதே ஆட்டோவில் வேறு யார் வருகிறார்கள், தம்பி தங்கைகளும் நம் கிளப்பில் இருக்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் ஏன் என்பது 5-ம் படியில் புரியும்.

ஷூ பற்றிக் கேட்க மறக்காதீர்கள். வளரும் வயதில் ஆறு மாதம் என்பது பெரிய காலம். பழைய ஷூ விரலை நெருக்கும், புதிது வாங்க அந்த நேரத்தில் வீட்டில் காசு இருக்காது. பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டு கிரவுண்டுக்கே வராது. பெரிய பையன்களுக்குச் சிறிதாகிப்போன ஷூக்களை வாங்கி வைத்து அளவு பார்த்துக் கொடுக்கலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஃபீஸ் விஷயத்திலும் இதே மனதோடு இருங்கள்: வேலை போன வீட்டில் முதல் சில மாதம் கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு, முடிந்தால் ஒரு பெண் பயிற்சியாளரோ மூத்த வீராங்கனையோ நேரில் போகட்டும். வீட்டு வேலை, தம்பியைப் பார்த்துக்கொள்வது, கல்யாணப் பேச்சு என்று ஆட்டத்தை விட்டு விலக நூறு காரணங்கள் அவர்களைத் தேடி வரும். அவள் திரும்ப வர வேண்டும் என்று ஒருவராவது வாசலில் வந்து கேட்பது அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு எடை சேர்க்கும்.

படி 4: எந்த ஆட்டம், எந்த அளவுக்கு

2020 மே மாதம் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் ஒரு நல்ல முறையை வெளியிட்டது. சிறு கிளப்புகளுக்கும் அது அப்படியே உதவும். முதல் கட்டத்தில் தனியாகச் செய்யும் பயிற்சி மட்டும். இரண்டாம் கட்டத்தில் 10 பேருக்கு மேற்படாத சிறு குழு, உடல் உரசாத திறன் பயிற்சி. மூன்றாம் கட்டத்தில் முழு ஆட்டம், போட்டி. "வா, பயிற்சி செய், கிளம்பு" என்பதுதான் முதல் இரண்டு கட்டங்களின் மந்திரம்.

எல்லா ஆட்டமும் ஒரே வேகத்தில் மேலே ஏற முடியாது. ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் சீக்கிரம் தொடங்கலாம். கிரிக்கெட்டிலும் இடைவெளி இயல்பாகவே இருக்கிறது. பந்தில் எச்சில் தடவும் பழக்கத்தை மட்டும் நிறுத்த வேண்டும், ஐ.சி.சி.யே 2020 ஜூனில் அதைத் தடை செய்தது. ஃபுட்பாலில் பாஸ், டிரிபிளிங், ஷூட்டிங் வரை சரி, இரண்டு பக்கம் பிரித்து ஆடுவது பிறகு.

கபடிதான் கடினம். எதிரணியின் ஏழு பேருக்கு நடுவில் போய், 30 விநாடி வரை "கபடி, கபடி" என்று சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாடிப் போகிறவனை மூன்று நான்கு பேர் முகத்தோடு முகம் மோதப் பிடித்து அமுக்குவார்கள். மூச்சின் வழி பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கபடிப் பிள்ளைகளிடம் காத்திருக்கச் சொல்வது வலிக்கிற வேலை, அதிலும் விளையாட்டுச் சான்றிதழை நம்பி மேற்படிப்புக் கனவு காணும் பிள்ளைகளிடம். இருந்தாலும் அவர்களைச் சும்மா உட்கார வைக்க வேண்டியதில்லை. கால் வேகம், போனஸ் கோட்டைத் தொடும் அடி, திரும்பும் வேகம், எதிராளி இல்லாமல் செய்யும் டைவ், தொடைக்கும் முதுகுக்குமான வலுப் பயிற்சி என்று இரண்டு மாதத்துக்குத் தாராளமாக வேலை இருக்கிறது. பாட்டு மட்டும் வேண்டாம்.

உள்ளரங்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2020 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் டாம்பா பகுதியில் மூடிய அரங்கில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. பெரியவர்கள் பொழுதுபோக்குக்காக ஆடியது. ஒருவரிடம் தொற்று இருந்தது, ஆட்ட நேரத்தில் அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆடிய 22 பேரில் 14 பேருக்கு ஐந்து நாளுக்குள் அறிகுறி வந்தது. மூச்சு வாங்கும் ஆட்டம், குளிர்ந்த மூடிய காற்று, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பெஞ்சு. இவை காரணமாக இருக்கலாம் என்று பிறகு விளக்கினார்கள். நம் ஊரில் இதற்கு இணை தகரக் கொட்டகை போட்ட பேட்மின்டன் கோர்ட். ஷட்டில் காற்றில் ஆடக்கூடாது என்று ஜன்னலை அடைத்துவிடுவோம். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் பிராக்டிஸ் வைத்து, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கோர்ட்டுக்கு நான்கு பேருக்கு மேல் உள்ளே வேண்டாம், காத்திருப்பவர்கள் வெளியே மரத்தடியில் இருக்கட்டும்.

படி 5: குழுவைப் பிரிப்பதும் கோச்சைக் கட்டிப்போடுவதும்

பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். ஒருமுறை பிரித்தால் மாற்றாதீர்கள். அண்ணன் தம்பிகள் ஒரே குழுவில், ஒரே ஆட்டோவில் வருபவர்கள் ஒரே குழுவில். வயதையும் திறமையையும் பார்த்துப் பிரிப்பதுதான் கோச்சுக்கு வசதி, தெரியும். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று குழுவில் இருந்தால் அந்த ஒரு வீட்டில் வரும் காய்ச்சல் முப்பது பேரை வீட்டில் உட்கார வைத்துவிடும்.

குழுக்களுக்கு நடுவே தாராளமாக நடமாடுபவர் ஒருவர்தான், அது நீங்கள். தென்கொரியாவின் சொனான் நகரில் 2020 பிப்ரவரியில் நடனப் பயிற்றுநர்கள் ஒரு பயிலரங்கில் கூடினார்கள். பிறகு அவரவர் இடங்களுக்குப் போய் வகுப்பெடுத்தார்கள். 12 உடற்பயிற்சிக் கூடங்களில் 112 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அதே காலத்தில் மெதுவான யோகா, பிலாட்டிஸ் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பரவவில்லை. இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. மூச்சு வாங்க வாங்க ஆபத்து கூடுகிறது. சொல்லிக்கொடுப்பவர்தான் இடம் விட்டு இடம் நோயைக் கொண்டுபோகிறார். ஆகவே கோச்சுக்கு எப்போதும் மாஸ்க். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுற்றி நிற்க வைத்துப் பேசாதீர்கள், தள்ளி நின்று பேசுங்கள். விசில் ஊத ஒவ்வொரு முறையும் மாஸ்க்கை இறக்க வேண்டியிருக்கும், கைதட்டியோ பட்டன் அழுத்தினால் ஒலிக்கும் விசிலை வைத்தோ சமாளிக்கலாம். ஆள் இருந்தால் குழுவுக்கு ஒரு கோச். தடுப்பூசி வந்ததும் முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவரும் கோச்தான். நம் நாட்டில் 15 வயதிலிருந்து 18 வயது வரையிலானவர்களுக்கே 2022 ஜனவரி 3-ல்தான் போடத் தொடங்கினார்கள், அதுவரை பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் தடுப்பூசிதான் பாதுகாப்பு.

படி 6: ஒரு மாலைப் பயிற்சி

வாசலில் தெர்மாமீட்டர் துப்பாக்கி வைத்திருந்தால் வையுங்கள், அதை நம்பி இருக்காதீர்கள். வெயிலில் நடந்து வந்த நெற்றி தப்பாகக் காட்டும். தொற்றிய ஒருவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரப்பக்கூடியவர் என்பதால் சூடு இல்லை என்பதும் சான்று ஆகாது. அதைவிட, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அம்மாவோ அப்பாவோ மூன்று கேள்விக்குப் பதில் அனுப்பட்டும்: காய்ச்சல், இருமல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு உண்டா? வீட்டில் யாருக்காவது உண்டா? நோய் வந்த யாரையாவது பார்த்தீர்களா? பதில் வராத பிள்ளையை வாசலில் திட்டாதீர்கள். போன் போட்டுக் கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.

வரும்போதும் போகும்போதும் காத்திருக்கும்போதும் மாஸ்க். வேகமாக ஓடி ஆடும்போது திறந்தவெளியில் கழற்றிவிடலாம். தீவிர உடற்பயிற்சியின்போது மாஸ்க் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் மூச்சு விடக் கஷ்டம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. கழற்றிய மாஸ்க்கைப் போட்டு வைக்கப் பெயர் எழுதிய ஒரு கவர் பையில் இருக்கட்டும்.

பானைத் தண்ணீரையும் பொது டம்ளரையும் எடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு பாட்டில், பெயரோடு. கொண்டுவர முடியாத பிள்ளைக்குக் கிளப்பே வாங்கிக் கொடுக்கட்டும், எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டாம். டீம் பிரிக்க மாட்டும் பனியன்களைப் பங்கிடுவதை விட்டு, வீட்டிலிருந்தே வெள்ளை ஒன்று, கலர் ஒன்று கொண்டுவரச் சொல்லலாம்.

பந்துக்கும் கோன்களுக்கும் மணிக்கணக்கில் மருந்தடிக்கும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொரோனா முக்கியமாகக் காற்றில்தான் பரவியது, பொருள்களைத் தொட்டுப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பிறகு தெளிவானது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், மிச்ச நேரத்தையும் காசையும் காற்றோட்டத்துக்குச் செலவிடுங்கள். அடுத்து வரும் நோய் வேறு மாதிரி பரவலாம், அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி "இது எப்படிப் பரவுகிறது?" என்பதுதான்.

முடிந்த பிறகு டீக்கடை முன் கூடி பஜ்ஜி சாப்பிடும் அரைமணி நேரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் இடைவெளி விட்டு ஆடியவர்கள் அங்கே தோளில் தோள் உரசிச் சிரிப்பார்கள். அது அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும், மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தவர்கள் அல்லவா. தடுக்க முயலாமல் இடத்தை மாற்றுங்கள். கிரவுண்டிலேயே வட்டமாக, தள்ளித் தள்ளி உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேச விடுங்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்பதில்லை. அந்த வட்டத்தில்தான் எந்த வீட்டில் யார் இறந்தார்கள், யார் பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியவரும்.

படி 7: உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்

நோயைப் பற்றியே யோசித்து இதைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். நீண்ட இடைவெளிக்குப் பின் உடனே முழு வேகத்தில் ஆடினால் தசைநாரும் மூட்டும் தாங்காது. 2011-ல் அமெரிக்காவில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தின் தொழில்முறை லீக் சம்பளத் தகராறில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து திறந்தது. முதல் 29 நாளில் 12 வீரர்களுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. முழு நேரமும் உடம்பையே கவனிக்கும் ஆட்களுக்கு அந்தக் கதி.

முதல் வாரம் பழைய அளவில் பாதி, இரண்டாம் வாரம் பழையதைவிட 30 சதவீதம் குறைவு, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10 என்று ஏற்றுவது பயிற்சியாளர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு கணக்கு. நம் வெயிலுக்கு உடம்பு பழகவும் இரண்டு வாரம் பிடிக்கும். சட்டென உயரமான பையன்களுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கும், அதைச் சோம்பல் என்று நினைத்து ஓட விடாதீர்கள்.

படி 8: ஒரு பிள்ளைக்குத் தொற்று உறுதியானால்

இது நடக்கும். நடக்கும் என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். சேதி வந்ததும் அந்தக் குழு மட்டும் நிற்க வேண்டும். எத்தனை நாள் என்பதைச் சுகாதாரத் துறை அப்போது சொல்லியிருக்கும். அன்றன்று எழுதிய வருகைப் பதிவேடு இப்போதுதான் கைகொடுக்கும். மற்ற வீடுகளுக்கு "நம் குழுவில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது, பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள், இந்தத் தேதி வரை பிராக்டிஸ் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள். 2020-ல் வீட்டு வாசலில் தகரம் அடித்தும் நோட்டீஸ் ஒட்டியும் எத்தனை குடும்பங்களை ஊர் ஒதுக்கியது என்பதைப் பார்த்தோம். அந்தப் பிள்ளை திரும்பி வரும் நாளில் யாரும் விலகி உட்காரக்கூடாது, அதைக் கவனிப்பதும் உங்கள் வேலை.

தேறியவனை உடனே ஓட விடக்கூடாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, படபடப்பு உண்டா, மயக்கம் வந்ததா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரைப் பார்த்து இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் கிரவுண்டு. இதயத் தசையில் வீக்கம் என்று சொல்லிவிட்டால் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆட்டமே கூடாது, எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும். ஒன்றுமில்லை என்றால் நடையில் தொடங்கி ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாக ஏற்றுங்கள். தொற்று வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரத்தில் விடாத காய்ச்சல், உடம்பில் தடிப்பு, சிவந்த கண், வயிற்று வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அரிதாக வரும் ஆபத்தான பின்விளைவு அது.

படி 9: மேட்ச், கடைசியாக டோர்னமென்ட்

முதலில் குழுவுக்குள், பிறகு கிளப்புக்குள், அப்புறம் பக்கத்து ஊர் டீமோடு ஒரு மேட்ச். அதுவும் போய் ஆடி அன்றே திரும்புவதாக. வேனில் ஜன்னல் திறந்து, மாஸ்க்கோடு, பாட்டும் கூத்தும் இல்லாமல். இரவு தங்கும் முகாம்களை இறுதி வரை தள்ளிப் போடுங்கள். 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு தங்கும் முகாமில், சோதனை முடிவு தெரிந்த 344 பேரில் 260 பேருக்குத் தொற்று. ஒரே அறையில் தூக்கமும் சத்தமாகப் பாடியதும்தான் முக்கியமாகச் சொல்லப்பட்டவை.

பரிசுத்தொகை டோர்னமென்ட் நடத்தச் சொல்லி ஸ்பான்சர்கள் சீக்கிரமே வருவார்கள். கூட்டம் கூடும், மைக் கட்டுவார்கள், கட்டுப்படுத்த முடியாது. மறுத்துவிடுங்கள். 87 வருடத்தில் முதல் முறையாக 2020-21 சீசனில் ரஞ்சிக் கோப்பையே நடக்கவில்லை, நம் ஊர்க் கோப்பை ஒரு வருடம் காத்திருக்கலாம். வயது வரம்பு தாண்டிப்போகும் பிள்ளைகளின் வருத்தம் நியாயமானது. மாவட்டச் சங்கத்துக்கு அவர்கள் பெயர்ப் பட்டியலோடு கடிதம் எழுதி, ஒரு வருடத் தளர்வு கேளுங்கள். கிளப்புகள் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள்.

படி 10: எப்போது மூடுவது என்பதை இப்போதே எழுதுங்கள்

2021 மே மாதம் இரண்டாம் அலையில் தமிழ்நாடு மறுபடி முழுமையாக மூடியபோது, ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இடமில்லை. உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்கென ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை செய்தவர்களில் தொற்று உறுதியாகிறவர்கள் இரண்டு வாரமாக 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் திறக்கலாம் என்பது 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. மாவட்ட எண் அதைத் தாண்டி ஏறினால் முழு ஆட்டத்திலிருந்து சிறு குழுப் பயிற்சிக்கு இறங்குங்கள். ஒரே வாரத்தில் இரண்டு குழுக்களில் தொற்று வந்தால் கிளப்பை மூடுங்கள். யார் முடிவெடுப்பது என்று இரண்டு பேர் பெயரையும், அவர்கள் படுத்துவிட்டால் மூன்றாவதாக ஒருவர் பெயரையும் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள்.

மூடும் நாளில் பந்துகளையும் ஸ்கிப்பிங் கயிறுகளையும் அறையில் பூட்டி வைக்காதீர்கள். யார் எதை எடுத்துப்போனார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டு பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள். வாரம் ஒருமுறை யார் யாருக்குப் போன் செய்வது என்று கோச்சுகளுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில், போனை எடுக்காத வீடுகள்.